மூட்டையியல்: உலகம் சுற்றுவோர் முதுகுப்பை பற்றிய கொங்கு நாட்டு ஆராய்ச்சி

பாயிரம்

தமிழில் எழுத்துக்கு இலக்கணம் உண்டு, சொல்லுக்கு உண்டு, பொருளுக்கு உண்டு, யாப்புக்கும் அணிக்கும் உண்டு. மூட்டைக்கு இல்லை. யானைக்கும் குதிரைக்கும் இலட்சணம் எழுதி வைத்த நாட்டில், வெளியூர் கிளம்புகிறவர் தோளில் ஏறும் சுமையைப் பற்றி ஒரு சூத்திரம்கூட இயற்றப்படாமல் போனது புலவர் உலகின் பெருங்குறை. அந்தக் குறை இன்றோடு நீங்குகிறது.

ஆய்வெல்லை: வடக்கே பவானி, தெற்கே பழனி, கிழக்கே கரூர், மேற்கே வாளையாறு. ஆய்வுப் பொருள்: 40 லிட்டர் முதுகுப்பை ஒன்று. ஆய்வுக்களம்: கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் தாவாரம் வைத்துக் கட்டிய ஒரு வீடு. ஆய்வுக்காலம்: கிளம்புவதற்கு முந்தின இரவு. ஆய்வுக்குட்பட்டோர்: கணினி வேலையை விட்டுவிட்டு ஓராண்டு உலகம் சுற்றப் புறப்படும் ஒரு பெண் (இனி ‘பயணி’), அவளுடைய அம்மா, அப்பா, அப்பாவைப் பெற்ற ஆத்தா, ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்யும் மாமன். பெயர்கள் ஆய்வு நெறிப்படி மறைக்கப்பட்டுள்ளன. நெறி இல்லாவிட்டாலும் மறைத்திருப்போம். அந்த வீட்டில் கட்டுரையாளர் இனியும் கை நனைக்க வேண்டியிருக்கிறது.

நூலின் தலைமைச் சூத்திரம் வருமாறு:

போவோர் தேவை நாழி, இருப்போர்
கவலை மரக்கால் என்மனார் புலவர்.

இதனாற் கூறப்பட்டது யாதோ எனின், பயணப்பையின் எடையைத் தீர்மானிப்பது பயணம் போகிறவர் அல்லர், வீட்டில் இருந்துகொள்பவர்கள் என்பது. தேவைக்கு ஓர் அளவு உண்டு. இரண்டு சட்டை போதுமென்றால் போதும். கவலைக்கு அப்படியில்லை. ‘ஒருவேளை’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அரைக் கிலோவில்தான் முடியும். இச்சூத்திரம் வருகின்ற எல்லா இயல்களுக்கும் பொது.

1. முன்னோர் வழி

மூட்டை கட்டுவது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலைத் தோண்டியபோது சூதுபவளத்திலும் பளிங்கிலும் மணி கோத்த பட்டறைகளின் தடயம் வெளிப்பட்டது. காங்கேயம் பக்கத்துப் படியூர், பச்சைநீலக் கல்லுக்குப் பேர் போனது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக்காசுகள் நூற்றுக்கணக்கில் புதையலாகக் கிடைத்தன. இங்கிருந்து மணி போயிருக்கிறது, அங்கிருந்து காசு வந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போன பாதைக்கு இராசகேசரிப் பெருவழி என்று பேர் இருந்ததைச் சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துக் கல்வெட்டொன்று தமிழிலும் வட்டெழுத்திலும் சொல்கிறது. ஆளுக்கு எத்தனை கிலோ அனுமதி என்பதை மட்டும் அக்கல்வெட்டு சொல்லாமல் விட்டது. பின்னால் வந்த குழப்பம் அத்தனைக்கும் அதுவே வித்து என்று கருத இடமுண்டு.

கொடுமணல் வணிகரிடமிருந்து நாம் பெறும் பாடத்துக்கு ‘மணிநெறி’ என்று பேரிடலாம். எடை குறைவு, மதிப்பு அதிகம்: அதுதான் மூட்டையில் ஏறத் தகுந்தது. கைப்பிடி மணி கடல் தாண்டும், அம்மிக்கல் தாண்டாது. உலகத்தில் இன்று எழுதப்படும் முதுகுப்பை அறிவுரைகள் எல்லாம் இந்த ஒரு வரியின் விரிவுரைகளே.

அந்த நெறி எங்கே கெட்டது? நம் ஆய்வின்படி, பஸ்ஸின் மேற்கூரையில். சூலூர் அருகே கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸை விட்டார். அவருடைய தொழில்நுட்பக் கூர்மையைப் பற்றி நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பஸ் என்று ஒன்று வந்தால் அதற்கு மேலே கேரியர் வரும். கேரியர் வந்தால் பின்னால் ஏணி வரும். ஏணி வந்தால் கருணைக்கிழங்கு மூட்டையும் கோழிக்கூடையும் ஏறும். தன் முதுகில் சுமக்காத எதற்கும் எடை கிடையாது என்ற தத்துவம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் கொங்கு மக்களிடம் ஊறிவிட்டது. நாயுடுவே பலமுறை உலகம் சுற்றியவர். வெளிநாடுகளிலிருந்து அவர் சேர்த்த கருவிகளைக் கோவையில் அவர் பேரில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். பார்க்கிற எவருக்கும், அவர் இன்றைய விமானங்களின் ஏழு கிலோக் கணக்குக்குக் கட்டுப்பட்டவரில்லை என்பது விளங்கும்.

இன்னொரு முன்னோடி, செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார். காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போன கப்பலில் அவருக்குத் தோன்றியது. அதற்காக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் சுற்றி, சுமார் 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். படம் 1940-இல் வெளிவந்தது. ஒரு மனிதர் ஒரு வேலையை நினைத்துக்கொண்டு கிளம்பினால் பையில் எது இருக்க வேண்டும் என்ற கேள்வி தானே தீர்ந்துவிடும் என்பதற்கு அவரே சான்று. நம் பயணிக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. சும்மா பார்க்கப் போகிறாள். சும்மா போகிறவர் பையில் எதையும் வைக்கலாம் என்று வீட்டார் கருதியது அதனால்தான்.

2. எடை இயல்

மலிவு விமானங்கள் பலவற்றில் கையோடு கொண்டுபோகும் சுமைக்கு எல்லை 7 கிலோ. இந்த எண்ணைப் பயணி சொன்னதும் வீடு ஒரு நிமிடம் பேச்சிழந்தது. பையின் கொள்ளளவை லிட்டரில் சொன்னபோது குழப்பம் இரட்டிப்பானது.

“நாப்பது லிட்டரா? நம்ம மாடு ரெண்டுஞ் சேர்ந்து அத்தனை கறக்காதே அம்மிணி” என்றார் ஆத்தா.

கணக்கு இப்படி வந்தது. வெறும் பை 1.6 கிலோ. மடிக்கணினியும் சார்ஜர்களும் 1.9. உடுப்பும் செருப்பும் 2. மருந்து, சோப்பு, பல்விளக்கும் சாமான் 0.7. பாஸ்போர்ட், நகல்கள், பணப்பை 0.3. ஆக 6.5 கிலோ. மிச்சம் அரைக் கிலோ. அந்த அரைக் கிலோவுக்குத்தான் இரவு முழுவதும் பஞ்சாயத்து நடந்தது. பங்காளிகள் வாய்க்கால் வரப்புக்குக்கூட இத்தனை நேரம் பேசியதில்லை என்று அப்பாவே ஒப்புக்கொண்டார்.

எடை பார்க்கும் முறைகள் மூன்று. ஒன்று, கொக்கி மாட்டித் தூக்கும் மின்னணுத் தராசு, இரண்டு, பையோடு ஏறி நின்று பார்த்துவிட்டு, பை இல்லாமல் ஏறி நின்று கழித்துக்கொள்ளும் குளியலறைத் தராசு, மூன்று, மாமன். மாமன் பையின் மேல்காதை இரண்டு விரலில் பிடித்து ஒரு சாண் தூக்கினார், கண்ணை மூடினார், இறக்கினார்.

“ஒம்போதரை.”

கொக்கித் தராசு 9.4 காட்டியது. அந்த நூறு கிராம் யார் பிழை என்று கேட்டதற்கு, “உங்க மெசினைச் சரி பாருங்க” என்றார். மஞ்சள் மண்டியில் ஏலம் பார்த்த கை அது. இரண்டாம் முறையை அந்த வீட்டில் யாரும் கையாளவில்லை. தங்கள் எடையைச் சபையில் வெளியிட ஒருவருக்கும் மனமில்லை.

பயணி தனியே அடுக்கியபோது 6.5 ஆக இருந்த பை, அவள் கைபேசியில் பேசிவிட்டு வருவதற்குள் எப்படி 9.4 ஆயிற்று? அதை அடுத்த இயலில் காண்க.

3. உணவு இயல்

மூட்டையில் ஏறும் உணவு மூவகைப்படும்: தூள், உருண்டை, கசிவது.

தூளாவன: பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, அம்மா கையால் வறுத்து அரைத்த குழம்புத்தூள், சுக்கு, இவற்றோடு உணவல்லாவிட்டாலும் வாயில் போட்டுக்கொள்வதால் திருநீறு. தூளின் சிறப்பு, கெடாமை. அதன் குற்றம், தோற்றம். பழனி, மருதமலை, சென்னிமலை என்று மலைக்கு ஒன்றாகச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் கட்டிய வெள்ளைத் தூளை, ஸ்கேனர் முன் உட்கார்ந்திருக்கும் அயல்நாட்டு அதிகாரிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட தூள் கையோடு வந்தால் 2018 முதல் தனிச் சோதனை உண்டு. தூள்களுக்குள் மிகவும் ஆபத்தானது குழம்புத்தூளோடு வரும் கசகசா. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்த பொருள், சிங்கப்பூரிலும் தடை. கோவையிலிருந்து நேராகப் பறக்கக்கூடிய சார்ஜாவும் சிங்கப்பூரும் இந்தப் பட்டியலில் அடங்கிவிடுவதைக் கவனிக்க. கோழிக்குழம்பில் ருசி கூட்டும் ஒரு கரண்டிப் பொருள், ஒருவரைச் சிறை வாசல் வரை கொண்டுபோய்விடும்.

உருண்டையாவன: எள்ளுருண்டை, கடலையுருண்டை, கச்சாயம். (கச்சாயம் உருண்டையன்று, தட்டை, ஆயினும் இனம் பற்றி இங்கே சேர்க்கப்பட்டது.) நம் பட்டியலில் மணிநெறிக்கு மிக அருகில் நிற்பது கடலையுருண்டை. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்தால் கைக்குள் அடங்கும் இடத்தில் ஒருவேளைப் பசி அடங்கும். மலையேறுவோர் வெளிநாட்டில் காசு கொட்டி வாங்கும் சத்துக்கட்டிகளுக்கு இது மூத்த உறவு.

கசிவன: ஊறுகாய், தேங்காயெண்ணெய், பஞ்சாமிர்தம், நெய். லண்டனில் 2006 ஆகஸ்டில் திரவ வெடிப்பொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்டது முதல், கையோடு கொண்டுபோகும் திரவத்துக்குப் பல நாடுகளில் 100 மில்லிலிட்டர் எல்லை வந்தது. குழம்பு, பசை, கூழ் வகைகளும் திரவத்தோடே எண்ணப்படும். இங்கே ஒரு தத்துவச் சிக்கல். ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கிய நெய், மார்கழி விடியலில் கரண்டி போட்டால் நிற்கும். சித்திரை மதியத்தில் ஓடும். எனவே நெய் திடமா திரவமா? “கெட்டியாத்தான இருக்குது, தொட்டுப் பாரு” என்பது அம்மாவின் வாதம். விமான நிலையத்தில் இந்த வாதம் எடுபடாது. தடவினால் படிவதெல்லாம் திரவமே என்று அங்கே முடிவு கட்டிவிட்டார்கள்.

மேற்கண்ட மூவகையிலும் அடங்காத தனிப்பொருள் ஒன்று உண்டு. அதற்குத் தனிப் பத்தி தரக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காங்கேயமும் வெள்ளகோவிலும் கொப்பரைக்கு நாடறிந்த ஊர்கள். பொள்ளாச்சித் தேங்காய் அங்கே களத்தில் பிளந்து காய்ந்து எண்ணெயாகிறது. துருவிப் போட்டுக்கொள்ளலாம், மென்று தின்னலாம், பசிக்கு ஆகும், கெடாது. இத்தனை குணமுள்ள பொருளை ஆத்தா இரண்டு காய் பையின் அடியில் போட்டதில் என்ன தப்பு? தப்பு இதுதான்: எண்ணெய் மிகுந்த கொப்பரை, காற்றுப்படாத இடத்தில் குவிந்து கிடந்தால் தானே சூடேறும், சில வேளை தானே பற்றியும் கொள்ளும். உலக நாடுகளின் அபாயப் பொருள் பட்டியலில் அதற்கு 1363 என்று எண்ணே கொடுத்து, ‘4.2: தானாகத் தீப்பற்றுபவை’ என்ற பிரிவில் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் விமானத்தில் பதிவு செய்து அனுப்பும் சுமையில் கொப்பரை கூடாதென்று 2022-இல் தடையும் வந்துவிட்டது. இதைப் படித்துக் காட்டியதும் ஆத்தா கேட்ட கேள்வி ஆய்வாளரைத் திணறடித்தது:

“எங்க அட்டாலியில அம்பது வருசமாக் கெடக்குது. ஒருநாளாச்சும் பத்திக்கிச்சா?”

அட்டாலியில் காற்றோட்டம் உண்டு என்று விளக்கினோம். ஏற்கவில்லை. கொப்பரை எடுக்கப்பட்டது, பிறகு வைக்கப்பட்டது. அதன் விவரம் ஐந்தாம் இயலில்.

ஆஸ்திரேலியாவுக்கு ஒரு புறனடை: விதை, பச்சைக் கறிவேப்பிலை, தேன் முதலானவை கையிலிருந்தால் இறங்கும்போது தரும் சீட்டில் எழுதிக் காட்டிவிட வேண்டும். காட்டினால் அதிகபட்சம் குப்பைத்தொட்டிக்குப் போகும். மறைத்தால் அபராதம்.

4. உடை இயல்

உலகம் சுற்றுவோருக்கு எத்தனை சட்டை வேண்டும் என்பதில் அறிஞரிடையே மாறுபாடு உண்டு. ‘ஏழு’ என்பது வாரக்கணக்கு வாதம். ‘மூன்று’ என்பது துவைத்துடுத்தும் வாதம். திருப்பூரைக் கொண்டு இதைத் தீர்க்கலாம். இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூர் வட்டாரத்துச் சரக்கு. ஹாம்பர்க்கிலோ சிட்னியிலோ ஒரு பனியன் கிழிந்து இன்னொன்று வாங்கினால், நம் வட்டாரத்துத் தையல் நம்மிடமே திரும்பி வர நிறைய வாய்ப்பு உண்டு. பனியன் தானே உலகம் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதை முதுகில் வேறு ஏற்றுவானேன்? மூன்று போதும்.

குளிர் பற்றிக் கொங்கு நாட்டில் ஒரே அளவுகோல்தான்: ஊட்டி. ஊட்டிக்குத் தாங்கும் சுவெட்டர் உலகத்துக்கே தாங்கும் என்பது அப்பாவின் உறுதி. பயணியின் விடை கூர்மையானது. வெயிலின் பின்னாலேயே போனால் சுவெட்டரே வேண்டாம். ஐரோப்பாவில் கோடை முடிந்து டிசம்பரில் இறங்கினால் நியூசிலாந்தில் கோடை தொடங்கியிருக்கும். ஷெங்கன் நாடுகளில் எப்படியும் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்க விடுவார்கள். அவர்களே வெயில் பக்கம் தள்ளிவிடுவார்கள். இத்தனை சொல்லியும் சுவெட்டர் உள்ளே போனது. இயல் ஒன்றுக்கு ஒரு தோல்வி என்று பயணியே கணக்கு வைத்துக்கொண்டாள்.

அப்பா அடுத்து முன்வைத்தது பவானி ஜமுக்காளம். 2005-06-லேயே புவிசார் குறியீடு பெற்ற, தரமான, பத்தாண்டு உழைக்கும் விரிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜமுக்காளம் என்பது ஒரு கல்யாணமே உட்கார்ந்து எழ நெய்தது; ஒற்றைப் பயணி தூங்குவதற்கு அது மிகை. நிராகரிக்கப்பட்டது.

இந்த இயலின் கண்டுபிடிப்பு, ஈரிழைத் துண்டு. ஈரோட்டுச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் அந்த மெல்லிய பருத்தித் துண்டைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டினால் மறுபக்கத்து ஆள் தெரிவார். அவ்வளவு இடைவெளி நெசவில் இருப்பதால்தான் ஈரம் நிற்காது. பிழிந்து ரயில் சன்னலில் கட்டினால் அடுத்த ஊர் வருவதற்குள் காயும். துடைக்கலாம், போர்த்தலாம், வெயிலுக்குத் தலையில் கட்டலாம், பையின் வாய் பிய்ந்தால் இறுக்கிக் கட்டலாம், வழியில் வாங்கிய பழத்தைப் பொதிந்து எடுக்கலாம். ‘சீக்கிரம் காயும் பயணத் துண்டு’ என்று செயற்கை இழையில் செய்து பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அதற்குப் போகும் காசில் ஒரு தெருவுக்கே துண்டு வாங்கலாம். மணிநெறிக்கு முழுமையாகப் பொருந்திய துணி இது ஒன்றே.

மணிநெறிக்குப் பொருந்திய தாளும் ஒன்றுண்டு. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் சில நாடுகளுக்குப் போய்த் திரும்பினால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாதவரை இந்தியாவில் தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லும். பிறகு ஆயுளுக்கும் செல்லும். எடை சில கிராம். “மஞ்சள்” என்ற சொல்லைக் கேட்டு நிமிர்ந்த மாமன், காய்ச்சல் என்று தெரிந்ததும் மறுபடி சாய்ந்துகொண்டார்.

5. அடுக்கு இயல்

முந்த வைத்தது பிந்தக் கிட்டும்;
பிந்த வைத்தது முந்தப் பிதுங்கும்.

அடுக்கும் முறை வருமாறு: இலேசானதும் இரவுக்கு மட்டும் தேவையானதும் அடியில். கனமானது நடுவில், முதுகை ஒட்டி. மழைக்கோட்டும் தின்பண்டமும் மேலே. கனத்தை வெளிப்புறம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். ஆள் முன்னால் வளைவார். இடுப்புப்பட்டையை இறுக்கினால் சுமையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். அமெரிக்காவில் டிக் கெல்டி 1952-இல் தொடங்கிய பைகளால் இந்த இடுப்புப்பட்டை பரவியதென்பர். ஆற்றிலிருந்து இடுப்பில் குடம் எடுத்து வந்த நம் பெண்கள் இதற்கு ஏன் காப்புரிமை கேட்கவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

அறைப் பகுப்புக்கு நம்மிடம் முன்மாதிரி உண்டு: சபரிமலை இருமுடி. முன்முடியில் நெய்த்தேங்காய் முதலான சாமிப் பொருள், பின்முடியில் வழிச்சாப்பாடு முதலான சொந்தப் பொருள்; ஒன்று மற்றதோடு கலவாது. பையிலும் அப்படியே ‘தொலைந்தால் பயணம் நிற்பவை’ முன்னாலும், ‘தொலைந்தால் அம்மா திட்டுபவை’ பின்னாலும் நிற்க வேண்டும். பாஸ்போர்ட் முதல் வகை. பவர் பேங்க்கும் முதல் வகை. அது கையோடுதான் வர வேண்டும், பதிவுச் சுமையில் கூடாது, அதுவும் 100 வாட்-மணிக்குள் இருந்தால் கேள்வி குறையும். கொள்ளுப்பொடி இரண்டாம் வகை.

இனி இந்நூலின் மிகக் கடினமான பகுதி: மீள்வைப்பு. பதினொரு மணிக்குப் பயணி தாவாரத்தில் பையைக் கவிழ்த்து வேண்டாதவற்றை எடுத்துவிட்டுப் படுத்தாள். எடை 6.9. வெடியால நான்கு மணிக்கு எழுந்து தூக்கியபோது மாமன் உதவியின்றியே வித்தியாசம் தெரிந்தது. பையை யாரும் தொட்ட அடையாளமில்லை. சட்டைகளின் மடிப்பு மட்டும் முன்னைவிட நேர்த்தியாயிருந்தது. சட்டைக்குள் சுருட்டிய சுவெட்டர், சுவெட்டருக்குள் குழம்புத்தூள், செருப்புக்குள் எள்ளுருண்டை, எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு கொப்பரை.

“அம்மா, இதெல்லாம் எப்ப வெச்சீங்க?”

“நான் எதையும் வெக்கல கண்ணு. எடுத்ததைத் திருப்பி எடுத்த எடத்துலதான் வெச்சேன்.”

இந்த இடத்தில் விமான நிலையத்தின் ஒரு கேள்வியை நினைவூட்டுவது பொருந்தும். பல ஊர்களில் சுமையை ஏற்கும்போது கேட்பார்கள்: இந்தப் பையை நீங்களே அடுக்கினீர்களா, வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா? உலகம் முழுவதும் ‘நானே அடுக்கினேன், யாரும் எதுவும் தரவில்லை’ என்று சொல்லிவிட்டு நடக்கிறார்கள். கொங்கு நாட்டில் மனச்சாட்சியுள்ள எவரும் அப்படிச் சொல்ல முடியாது. அடுக்கியது அம்மா. இடையில் திணித்தது ஆத்தா. போதாக்குறைக்கு, டொராண்டோவிலுள்ள ஒறம்பரைப் பையனுக்கென்று பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய உறை ஒன்றும் பக்கப்பையில் இருக்கிறது; பயணியின் வழியில் டொராண்டோ இல்லை என்பதை அவர்கள் ஒரு தடையாகக் கருதவில்லை.

பையில் இடமே இல்லை என்று நிறுவிய பிறகு வருவது மஞ்சப்பை. தமிழக அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கமே தொடங்கியது. இந்த வீட்டைவிட்டு அது போகவே இல்லை. “இதக் கையில வெச்சுக்கோ சாமி, இது கணக்குல வராது” என்று ஆத்தா நீட்டினார். மஞ்சப்பைக்கு எடை கிடையாது என்பது பஸ் காலத்து நம்பிக்கையின் எச்சம். விமான நிறுவனங்கள் மஞ்சப்பையையும் நிறுக்கின்றன.

6. மறுப்பும் விடையும்

ஒருவர் மறுப்பார்: போகுமிடத்தில் எல்லாம் கிடைக்குமே, சுமப்பது எதற்கு? சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை, லண்டனின் ஈஸ்ட் ஹாம், பாரிஸின் லா சப்பேல் என்று தமிழ் மளிகைக் கடை இல்லாத பெருநகரம் குறைவு. இட்லி மாவுகூடப் பொட்டலத்தில் தொங்குகிறதே? உண்மை. இதற்கு விடை: அம்மா அஞ்சுவது பயணியின் பசிக்கு அன்று. ஏதாவதொரு வேளையில், தெரியாத ஊரில், தன் கை பட்ட ஒன்று அவள் வாய்க்குப் போக வேண்டும் என்பதே கோரிக்கை. அதை ஈஸ்ட் ஹாம் கடைக்காரரால் நிறைவேற்ற முடியாது. இக்கோரிக்கை நியாயமானது. அதற்கு அரைப்படித் தூள் தேவையில்லை என்பதே நம் வழக்கு.

மற்றொருவர் மறுப்பார்: அப்படியானால் வீட்டாரைப் பையின் பக்கமே விடாமல் அறையைச் சாத்திக்கொண்டு அடுக்கினால் என்ன? ஆகாது. சாத்திய அறைக்கு வெளியே கவலை குறைவதில்லை. மஞ்சப்பையாக, வாசலில் காத்திருக்கும்.

7. முடிபு

ஆதலால் ஆய்வு பரிந்துரைக்கும் தீர்வு, உரிமை எடை. மிச்சமிருப்பது அரைக் கிலோ. வீட்டில் உரிமையுள்ளோர் நால்வர். ஆளுக்கு 125 கிராம். அதற்குள் அவரவர் விருப்பம். பயணி கேள்வி கேட்கக் கூடாது, வீட்டார் ஒரு கிராம் கூட்டக் கூடாது. கோபி வீட்டில் பஞ்சாயத்து இப்படித்தான் விடிவதற்குள் தீர்ந்தது. அம்மா கசகசா சேராத பருப்புப்பொடி. அப்பா ஈரிழைத் துண்டு. ஆத்தா திருநீறும் சுக்கும். மாமன் விரலி மஞ்சள். அதை எதற்கென்று யாரும் கேட்கவில்லை, விதிப்படி கேட்கவும் கூடாது. சுவெட்டர் கழற்றப்பட்டது. பை 7 கிலோவில் நின்றது. மாமன் விரலால் தூக்கிப் பார்த்து, “ஏழேதான், போ” என்றார்.

பிள்ளைகளை உலகம் சுற்ற அனுப்பும் கொங்கு நாட்டுப் பெற்றோருக்கு இந்நூலின் விண்ணப்பம்: பையை முந்தின இரவே நிறுத்துவிடுங்கள், நிறுத்த பிறகு தொடாதீர்கள். 125 கிராமுக்கு மேல் அன்பு மீறினால் அஞ்சலகத்தில் வெளிநாட்டுப் பார்சல் அனுப்பும் வசதி இருக்கிறது. அங்கேயும் கொப்பரை எடுக்க மாட்டார்கள்.